பழைய வீட்டின் கதவு, ஜன்னல், தரை: எதைப் பழுது பார்ப்பது, எதை இடம் மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

முற்றம் வைத்த பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றதும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, "கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?" என்பதுதான். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பழைய நிலை, அதாவது கதவைத் தாங்கும் மரச் சட்டம், சற்றே சாய்ந்து நிற்கும்; அதை ஒட்டிப் பூச்சு வேலை செய்வது சிரமம். புதுக் கதவு 7 அடிக்கு 3 அடி என்று அளவாக வந்து இறங்கும். அதே சமயத்தில் பழைய மரம் வாங்குபவர் ஒருவரும் வாசலில் வந்து நிற்பார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொல்வார். அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் அந்தத் தொகையின் கவர்ச்சி இன்னும் கூடும். எத்தனையோ வீடுகளின் கதவுகள் யோசிக்க அவகாசமே இல்லாமல் இப்படித்தான் லாரி ஏறின.

முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு பொருளுக்கும் வழிகள் மூன்று: இருந்த இடத்திலேயே பழுது பார்த்துப் பயன்படுத்துவது, கழற்றி வேறு இடத்தில் பொருத்துவது, விற்றுவிட்டுப் புதிது வாங்குவது. மரத்துக்குச் சரியான வழி மின்கம்பிக்குச் சரிவராது. தரைக்கு இரண்டாவது வழி பெரும்பாலும் கிடையாது. நான் பேசுவது செட்டிநாட்டு மாளிகைகளைப் பற்றி மட்டும் அல்ல. தஞ்சாவூர், மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கங்களில் திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம் என்று நீளும் சாதாரண ஓட்டு வீடுகளையும் சேர்த்துத்தான். மாளிகைகளைக் காக்க ஆட்கள் வருகிறார்கள். இந்த வீடுகளுக்கு வீட்டுக்காரரை விட்டால் யாரும் இல்லை.

கதவும் நிலையும்

முதலில் ஒரு கணக்கு. ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 2 அங்குல கனம் உள்ள ஒரு வாசற்கதவில் ஏறத்தாழ 3.25 கன அடி மரம் இருக்கிறது. அதன் நிலை 5 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்றால், நான்கு பக்கமும் சேர்த்து 19 அடி நீளத்துக்கு இன்னும் 2.6 கன அடி. ஆக, ஒரு வாசலில் மட்டும் 6 கன அடிக்குச் சற்றுக் குறைவாகத் தேக்கு நிற்கிறது. நடுப்பலகைகள் மெலிந்திருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மரக்கடைக்காரர் வீட்டைச் சுற்றி வரும்போது மனத்துக்குள் போடும் கணக்கு இதுதான். அவர் தொகை சொல்வதற்கு முன் நீங்களும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள். அன்றைய தேக்கு விலையைப் பக்கத்து மர அறுவை ஆலையில் கேட்டுப் பெருக்கினால், "பழசு, செல்லரித்தது, விறகுக்குத்தான் ஆகும்" என்ற பேச்சின் உண்மையான எடை தெரிந்துவிடும்.

இதே மரம் இன்று புதிதாகக் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடிப்பதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், வசதிக்கு ஏற்ப, பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. காட்டில் நின்று முதிர்ந்த மரம் அது. இன்று தோட்டங்களில் வளர்த்து இளம் வயதிலேயே வெட்டும் தேக்கில் வைரம் (நடுவில் முதிர்ந்த கெட்டிப் பகுதி) குறைவு, வெளிப்புற வெள்ளை அதிகம். கறையானுக்கு எதிராக நிற்பது வைரப் பகுதிதான். தேக்கே ஆனாலும் வெள்ளையைக் கறையான் விடாது. பழைய நிலையைத் தூக்கிவிட்டு 'புதுத் தேக்கு' போடுபவர் பல நேரங்களில் நல்ல மரத்தைக் கொடுத்து ஒருபடி இறங்கிய மரத்தை வாங்குகிறார்.

ஆகவே கதவு விஷயத்தில் என் முடிவு தெளிவானது. வைரம் உயிரோடு இருந்தால் இருந்த இடத்திலேயே பழுது பாருங்கள். உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கூர்மையான திருப்புளியை எடுத்து நிலைக்காலின் அடியிலும், நிலை சுவரோடு சேரும் ஓரத்திலும், கீல் பொருந்திய இடங்களிலும் அழுத்துங்கள். முனை ஒரு நூல் அளவுகூட இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. பொசுக்கென்று உள்ளே போனால், எவ்வளவு உயரம் வரை அப்படிப் போகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் அடியில் ஒரு முழம்தான்; அதற்காக ஆறடி மரத்தையும் தள்ளிவிட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புற நிலையில் இரண்டு கால்களும் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மக்கியிருந்தன. தச்சர் அதை நேராக அறுக்கவில்லை. நிலைக்காலின் பாதிக் கனத்துக்குப் படி வெட்டினார். இடிந்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய தேக்குத் துண்டில் அதற்கு எதிர்ப்படி வெட்டி, ஒன்றோடொன்று கவ்வும்படி பொருத்திப் பசை தடவினார். பிறகு குறுக்கே துளையிட்டு மர முளைகளை அடித்து இறுக்கினார். வெளிப்பக்க வெட்டு வாயை மட்டும் சரிவாக, கீழ்நோக்கி இருக்கும்படி செதுக்கினார். மழைநீர் ஒட்டுக்குள் இறங்காமல் வெளியே வழிய வேண்டும் என்பதற்காக. மரம் மண்ணைத் தொடாதபடி அடியில் கருங்கல் துண்டு ஒன்று வைத்தார். இழைப்புளி போட்டு எண்ணெய் தடவிய பின், ஒட்டு இருக்கும் இடத்தை விரலால் தடவினால்தான் தெரிந்தது. இப்படிச் செய்யத் தெரிந்த தச்சர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்பதுதான் இந்த முடிவில் பாதி. தேர் வேலை, கோவில் வாகன வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

செலவை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதுக் கதவில் பணம் பொருளுக்குப் போகிறது. பழுது பார்ப்பதில் ஏறக்குறைய முழுவதும் கூலிக்குப் போகிறது. அந்தக் கூலியிலும் பெரும் பகுதி பெயிண்டை உரிப்பதற்குத்தான். பொங்கலுக்குப் பொங்கல் பூசிய பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி, செதுக்கிய தாமரை இதழ்களைக்கூட மழுப்பியிருக்கும். உரிக்கும் வேலைக்குத் தினக்கூலி பேசாமல் கதவுக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது. வெறும் சட்டக் கதவுக்கும் சித்திர வேலைக் கதவுக்கும் ஒரே விலை பேச முடியாது. அதைத் தச்சர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெயிண்டில் ஓர் ஆபத்தும் உண்டு. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே பழைய கதவில் உப்புத்தாள் மெஷினை ஓட்டித் தூள் பறக்கவிடுவது குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யவே கூடாத வேலை. கதவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய், ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். சூட்டுக் காற்று மெஷின் பயன்படுத்தினால் பெயிண்ட் கொப்பளிக்கும் அளவோடு நிறுத்துங்கள். புகையும் அளவுக்குப் போனால் ஈயமும் புகையோடு வரும். சுரண்டிய செதில்களைச் சாக்கில் கட்டி வையுங்கள், செடிக்கு அடியில் கொட்டாதீர்கள். சில இடங்களில் காஸ்டிக் சோடாத் தொட்டியில் கதவையே முக்கி எடுக்கிறார்கள். பெயிண்ட் வேகமாகப் போகும். கூடவே தேக்கு கறுக்கும், இணைப்புகளும் தளரும். வேண்டாம்.

உரித்த பிறகு என்ன பூசுவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. உள்கதவுக்கு அரக்கைக் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் அழகு. வெயில் மழை படும் வாசற்கதவுக்கு அது ஆகாது. தண்ணீர் பட்டால் வெளுக்கும். அங்கே ஆளிவிதை எண்ணெய் தடவி, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி தடவிக்கொண்டிருப்பது போதும்.

புதுக் கதவு சரியான தேர்வாகும் இடங்களும் உண்டு. குளியலறைக்கு மரக் கதவே வேண்டாம். வைரம்வரை கறையான் தின்ற நிலையை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவது வீண் செலவு. உள்ளறை வாசல் ஐந்தரை அடி உயரமே இருந்து, வீட்டில் உயரமான பிள்ளைகள் தினமும் தலையை இடித்துக்கொள்கிறார்கள் என்றால் அதற்கும் வழி செய்யத்தான் வேண்டும். அப்போதும் அந்தக் கதவை விற்காமல், அலமாரிக்கோ சாமி அறைக்கோ அதே வீட்டில் மாற்றிப் போட முடியுமா என்று பாருங்கள். சாமி அறைக்குக் குனிந்து நுழைவதில் யாருக்கும் குறையில்லை.

ஜன்னல்

பழைய ஜன்னலுக்கும் யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலுக்கும் இடையில்தான் இன்று அதிக வாக்குவாதம் நடக்கிறது. யுபிவிசியின் நன்மைகளை மறுக்க மாட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே வீடு இருந்தால் சத்தமும் தூசியும் உண்மையிலேயே குறையும். கறையான் வராது, பெயிண்ட் வேண்டாம். ஆனால் இரண்டு தடத்தில் நகரும் ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். மறுபாதி எப்போதும் கண்ணாடி. பழைய ஜன்னலில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள். கீழ்க் கதவுகளைச் சாத்தி மேலே திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழாது, காற்று மட்டும் வரும். பகலில் தரையில் படுத்திருப்பவருக்குக் கீழ்க் கதவைத் திறந்தால் போதும். மின்சாரம் நின்றுபோகும் சித்திரை மதியத்தில் இதன் அருமை தெரியும். பழுது என்று வந்தாலும் உள்ளூர்த் தச்சரே சரிசெய்வார். யுபிவிசியின் ரப்பர் பட்டையோ உருளையோ போனால், அதைப் பொருத்திய நிறுவனம் அன்றைக்கும் இருக்க வேண்டும், அதே மாடல் அவர்களிடம் இருக்க வேண்டும்.

பழைய ஜன்னலை வைத்துக்கொள்ளத் தயங்குபவர்கள் சொல்லும் காரணம் கொசு. சட்டத்தின் உள்பக்கம் மெல்லிய மரச் சட்டத்தில் வலை அடித்துக் கீல் போட்டுவிட்டால் அந்தக் காரணம் தீர்ந்துவிடும். கவனிக்க வேண்டியது கம்பிகளை. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் அது நுழைந்திருக்கும் மரத்தைப் பிளக்கும். துளை வாயில் வெடிப்பு தெரிந்தால் அந்தக் கம்பியை மட்டும் உருவி, துரு நீக்கி, சிவப்பு ஆக்சைடு பிரைமர் அடித்துத் திரும்பச் செருகலாம். மேல் வளைவில் பச்சை, நீலம், சிவப்புக் கண்ணாடி இருந்தால் உடையாதவற்றை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் சட்டத்தில் கை வைக்க வேண்டும். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும், காய்ந்து கல்லாகிவிட்ட புட்டிப் பசையை உளியால் நெம்பினால் கண்ணாடி போய்விடும். சூடு காட்டி இளக்கி எடுக்க வேண்டும்.

தரை

தரையில்தான் மனம் பதறுகிறது. கதவு விற்றால் எங்காவது ஒரு வீட்டில் நிற்கும். தரையை உடைத்தால் அத்தோடு முடிந்தது.

சிவப்பு ஆக்சைடு தரையைக் கழற்றி எடுக்க வழியே இல்லை. சிமெண்டோடு இரும்பு ஆக்சைடைக் கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஒரே பரப்பு அது. ஆகவே இங்கே இரண்டே வழிகள்: வைத்துக்கொள்வது, அல்லது மூடிவிடுவது. மேலே விட்ரிஃபைடு டைல் ஒட்டிவிடலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் தரை உயரும், எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டிவரும், முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே இருந்த வாட்டமும் குழம்பும். மழைக்காலத்தில் முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மயிரிழை வெடிப்புகள் இருக்கத்தான் செய்யும். பெரிய வெடிப்பை ஆக்சைடு கலந்த சிமெண்டால் அடைக்கலாம், நிறம் மட்டும் ஒன்றாக வராது. அறுபது, எழுபது ஆண்டு நடமாட்டமும் எண்ணெய்த் துடைப்பும் தந்த சிவப்பை ஒரே நாளில் எந்தக் கொத்தனாராலும் கொண்டுவர முடியாது. ஒட்டு தெரிந்தால் தெரியட்டும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, தேங்காயெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவித் துணியால் ஒற்றியெடுத்தால், அல்லது தரை மெழுகு பூசித் தேய்த்தால், பழைய பளபளப்பில் பெரும் பகுதி திரும்பிவிடும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வேறு மாதிரி. சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகே உள்ள ஆத்தங்குடியில் இந்தக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் நிரப்பித் தண்ணீரில் ஊறவைத்து இறுக வைக்கிறார்கள். வண்ணம் இருப்பது மேலே உள்ள மெல்லிய படலத்தில் மட்டும். இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயங்கள் தானாகவே விளங்கும். மொசைக் தரைக்கு ஓட்டும் பாலிஷ் மெஷினை இதன்மேல் ஓட்டினால் பூவேலை தேய்ந்துபோகும். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றினால் சிமெண்டு அரித்துப் பளபளப்பு செத்துவிடும்.

இந்தக் கற்களைப் பெயர்த்து மறுபடி பதிக்க முடியுமா என்பது அடியில் என்ன கலவை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்புக் காரையில் பதித்திருந்தால் பெரும்பாலும் முழுதாக வரும். சிமெண்டில் பதித்திருந்தால் பலவும் மூலை உடைந்துதான் வரும். அறை மூலையில், பீரோ நிற்கும் இடத்தில், ஒன்றிரண்டைப் பெயர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உடைந்தவற்றுக்குப் பதில் புதுக் கல் இன்றும் அதே ஊரில் செய்து தருகிறார்கள், ஆனால் பழைய கல்லுக்கு நடுவே புதுக் கல்லைச் செருகினால் அது தனியாக அடித்துத் தெரியும். அதைவிட, நல்ல பழைய கற்களையெல்லாம் சேர்த்துக் கூடத்தில் பதித்துவிட்டு, புதியவற்றை ஓர் அறைக்கு மொத்தமாகப் போடுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும். மூன்று வழிகளில் 'இடம் மாற்றுவது' முதலிடம் பிடிக்கும் அபூர்வமான இடம் இதுதான்.

பித்தளைச் சாமான்கள்

குமிழ், தாழ்ப்பாள், நாதாங்கி, கொக்கி, ஜன்னல் கொண்டி ஆகியவற்றை எடைக்குப் போடாதீர்கள். பெயிண்ட் மூடியிருந்தால் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் முழுப் பித்தளை. பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் விட்டு, சலவைத்தூள் போட்டு மெல்லச் சூடாக்கினால் பெயிண்ட் தோலுரிந்து வரும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. பிறகு புளி வைத்துத் தேய்த்து, உடனே நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்; புளி ஓரங்களில் தங்கினால் பச்சை பூக்கும். கடைகளில் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் புதுத் தங்கம்போல் ஆக்குவதை நான் விரும்புவதில்லை. செதுக்கல் விளிம்பு மழுங்குகிறது.

இதில் விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வியே எழ வேண்டியதில்லை. புதிய ஸ்டீல் தாழ்ப்பாளின் துளைகள் பழைய துளைகளோடு பொருந்தாது. மரத்தை மறுபடி குடைய வேண்டும். உள்பூட்டுச் சாவி தொலைந்திருந்தால் பூட்டையே மாற்ற வேண்டும் என்பதில்லை. திண்டுக்கல்லில் பழைய பூட்டுக்குச் சாவி செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மின்சாரமும் குழாயும்

இங்கே எந்த இரக்கமும் வேண்டாம். ரப்பர் உறை போட்ட பழைய மின்கம்பி விரலால் வளைத்தாலே உறை பொடிந்து உதிரும். எர்த் இருக்காது. அந்தக் கம்பியில் ஏசியும் கீசரும் ஓடக் கூடாது. முழுவதும் புதுக் கம்பி இழுத்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்துவதுதான் ஒரே முடிவு.

ஆனால் கம்பியை மாற்றுவது வேறு, அதைச் சார்ந்த எல்லாவற்றையும் தூக்கி எறிவது வேறு. சுவரில் ஓடும் தேக்குக் கேசிங் பட்டைகளை மெல்லக் கழற்றி வைத்தால், உள்ளே புதுக் கம்பி போட்டு அதே வழியில் திரும்ப அடிக்கலாம். சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து குழாய் பதிப்பதைவிடச் சுவருக்கு அது நல்லது. குடைந்த சுவரைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் அங்கே தங்கி உப்புப் பூக்கும். தொங்கும் கண்ணாடி விளக்குகளுக்குப் புது ஹோல்டரும் எல்இடி பல்பும் போட்டு, உலோகப் பாகத்துக்கு எர்த் கொடுத்துவிட்டால் கவலையின்றிப் பயன்படுத்தலாம். உருண்டைப் பித்தளை மூடி போட்ட பழைய சுவிட்சை அதன் இடத்தில் அழகுக்கு விட்டுவைக்கலாம், மின் இணைப்பு மட்டும் வேண்டாம்.

உள்ளே துருவடைத்த இரும்புக் குழாய்களும் சங்கிலி இழுக்கும் உயரமான வார்ப்பிரும்புத் தொட்டியும் போகட்டும். அந்தத் தொட்டி ஒரு முறை இழுத்தால் 10 லிட்டர் அளவில் தண்ணீர் கொட்டும். இன்றைய இரட்டை ஃபிளஷ் 3 அல்லது 6 லிட்டரில் வேலையை முடிக்கிறது.

வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதானால்

வீடே நிற்கப் போவதில்லை, இடிப்பது முடிவாகிவிட்டது என்ற நிலையில் இரண்டாவது வழிதான் மிஞ்சுகிறது. அது முடியாத காரியம் அல்ல. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளையே பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால், பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். உங்கள் ஒரே ஒரு கதவுக்கும் அதைச் செய்யுங்கள்: பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், நிலைக்கால்களின் மறைவான பக்கத்தில் இடம், வலம் என்று எழுதுங்கள்.

அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் எடையையும் சுவரின் கனத்தையும் பார்க்க வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் கனமான தேக்கு நிலையையும் இரட்டைக் கதவையும் தாங்க வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் சிமெண்ட் கான்கிரீட்டில் தூண் எழுப்பிப் பிடிமானம் கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் சுவர் எழுப்பும் முன்பே பொறியாளரிடம் சொல்ல வேண்டும். கீல் இல்லாமல் குடுமியில் (கதவின் மேலும் கீழும் நீட்டிய முளையில்) சுழலும் கதவாக இருந்தால், மேலும் கீழும் உள்ள குழியோடு நிலையையும் சேர்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். பழைய கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்டு மேசை ஆக்குவதைப் பலர் செய்கிறார்கள். திறந்து மூடும் வேலையை இன்னும் ஒரு நூற்றாண்டு செய்யக்கூடிய பொருளை அப்படிப் படுக்கவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழைய கதவும் தூணும் வாங்கிப் புது வீட்டில் போடுபவர்களுக்கும் இதே விதிகள்தான். கூடுதலாக ஒன்று: பழைய மாதிரியில் புதிதாகச் செதுக்கிச் சாயம் ஏற்றிய கதவும் பழைய பொருளாக விலைபோவதுண்டு. முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் இழைத்த பலகையில் மெல்லிய அலை இருக்கும். மெஷினில் அறுத்ததில் சீரான கோடுகள் இருக்கும். கீலை மாற்றியிருந்தால் பழைய கீலின் தழும்பு பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

விற்பதென்றே முடிவானால் கதவை நிலையிலிருந்து பிரித்து விற்காதீர்கள்; இரண்டும் பிரிந்தால் இரண்டுக்கும் விலை இறங்கும். பெயர்த்தெடுப்பது உங்கள் தச்சரா, வாங்குபவர் கொண்டுவரும் ஆட்களா என்பதையும், சுவரில் விழும் ஓட்டையை அடைப்பது யார் பொறுப்பு என்பதையும் முன்பணம் வாங்குவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் உறவினருக்குக் கப்பலில் அனுப்புவதாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 100 ஆண்டுகளுக்குக் குறையாத, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அந்தச் சட்டப்படி தொல்பொருள்தான். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் கதவு அதைவிட இளையது என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்பும் நிறுவனத்திடம் பேசத் தொடங்குங்கள்.